தவிட்டுக்கு வாங்கின பேர்

சின்ன வயதில் என்னை அழவைக்க என் அண்ணனுக்கு ஒரு வரி போதும்: "உன்ன தவிட்டுக்கு வாங்கினாங்க." எங்கள் பக்கத்தில் இதைக் கேட்டு அழாமல் வளர்ந்த பிள்ளை இருக்க முடியாது. கூடப் பிறந்தவர்களைவிடக் கொஞ்சம் கறுப்பாக இருந்தால் போதும், மூக்கு சப்பையாக இருந்தால் போதும், அது தவிட்டுக்கு வாங்கின பிள்ளை. வெறும் கேலி என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குப் பின்னால் நிஜமாகவே ஒரு வழக்கம் இருக்கிறது என்று எங்களோடேயே இருக்கும் என் நாத்தனார் ராணியம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுவும் என் மூன்றாவது பிள்ளைக்கு ஏழு மாதம் ஆகியும் பேர் வைக்காமல் நான் உட்கார்ந்திருந்தபோது.

ஏழு மாதமும் அவள் 'பாப்பா'தான். சங்கராபுரத்துக்குத் தடுப்பூசி போடத் தூக்கிக்கொண்டு போனால் நர்ஸம்மா என் பேரைச் சேர்த்து "பாரதி பாப்பா" என்று கூப்பிடுவார். இன்னும் பேர் வைக்கவில்லையா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். வைக்க வேண்டும் என்பேன். பேர் கிடைக்காமல் இல்லை. பயம். முன்னால் வைத்த இரண்டு பேரும் வீட்டில் தங்கவில்லை.

முதல் பெண்ணுக்கு வயிற்றில் இருக்கும்போதே இலக்கியா என்று நான் பேர் வைத்துவிட்டேன். வயிற்றைத் தடவிக்கொண்டே அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். பிறந்த சில நாளில் போய்விட்டாள்; இதயத்தில் ஓட்டை என்றார்கள். அடுத்தவன் இளவரசன். அது என் மாமனார் பேர், ராணியம்மாள் ஆசைப்பட்டு வைத்தது. அத்தை முறைக்கு அவரே தொட்டிலில் குனிந்து காதில் மூன்று தரம் சொன்னார். மூன்றாம் மாதம் ஒரு விடியற்காலையில் பால் கொடுக்கலாம் என்று எடுத்தேன், உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. அவனுக்குக் காரணம்கூட யாரும் சொல்லவில்லை. சில குழந்தைகளுக்குத் தூக்கத்திலேயே இப்படி ஆகிவிடும் என்று டாக்டர் சொன்னார். சில குழந்தைகளில் என் குழந்தை ஏன் என்று அவரிடம் கேட்க முடியுமா.

அதனால் இவள் பிறந்ததிலிருந்து நான் தூங்கவில்லை. தூங்கவில்லை என்றால் கண்ணை மூடவில்லை என்று அர்த்தமில்லை. கண் மூடும், கை மட்டும் விழித்திருக்கும். அவள் மூக்குக்கு நேராகப் புறங்கையை வைத்துக்கொண்டு படுப்பேன். மூச்சு கையில் பட்டால் சரி. கொஞ்சம் தாமதமானால் அவளைத் தட்டி எழுப்பி அழவிடுவேன். பிள்ளையும் பாவம், ஒரு நாளும் நிம்மதியாகத் தூங்கினதில்லை. சாம்பாருக்கு இரண்டு தரம் உப்பு போட்டேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய் வெறும் வாளியோடு நின்றேன். யாராவது ஏதாவது கேட்டால் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லப் பழகிவிட்டேன். சரி என்று சொன்னால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும்.

என் வீட்டுக்காரர் தீனதயாளனுக்கு அந்தச் சரி ரொம்ப வசதியாகப் போயிற்று. கரும்பு லோடு ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போவார். அங்கே டிராக்டர் வரிசையில் நிற்கும் நேரமெல்லாம் போனில் குழந்தைப் பேர் தேடுவார். சாப்பிட உட்கார்ந்ததும் படிக்க ஆரம்பிப்பார். ஒரு நாள் அரபு நாட்டுப் பேர், ஒரு நாள் அயர்லாந்து, ஒரு நாள் ரஷ்யா. அயர்லாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. பக்கத்திலேயே அர்த்தமும் போட்டிருப்பார்கள். நிலா, முத்து, வெற்றி, கடவுளின் பரிசு. உலகத்தில் எந்த ஊர்க்காரனும் பிள்ளைக்கு உப்பு புளி என்று பேர் வைப்பதில்லை போலிருக்கிறது.

ராணியம்மாளுக்கு எரிச்சலாக வரும். வாயில் நுழையாத பேரை வைத்துவிட்டு யார் கூப்பிடுவது என்று சோற்றுச் சட்டியை நகர்த்தி வைப்பார். தம்பி ஸ்டைலுக்காக அலைகிறான் என்பது அவர் எண்ணம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாள் என் வீட்டுக்காரரே வாய்விட்டுச் சொன்னார். "நம்ம பக்கத்துப் பேரு எத எடுத்தாலும் அந்தப் பேருல யாராவது ஒருத்தர் செத்திருக்காங்க பாரதி. யாருமே சாகாத பேரா தேடிக்கினு இருக்கேன்." சொல்லிவிட்டுத் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். எனக்கு அன்றைக்கு அவர்மேல் ரொம்பப் பாசமாக இருந்தது. ஆனால் எழுந்து போய் அதைச் சொல்லத் தெம்பு இல்லை.

கடைசியில் அயுமி என்ற ஜப்பான் பேரில் வந்து நின்றார். நடை என்று அர்த்தமாம், அப்படித்தான் போட்டிருந்தது. அந்தப் பேரை வைத்துவிட்டால் பிள்ளை நடக்கிற வயதுவரை வந்துவிடும் என்று அவருக்கு ஒரு கணக்கு. நான் சரி என்றேன். காதில் சொல்லலாம் என்று அவளைத் தூக்கினேன், வாய் வரவில்லை. பேரைச் சொன்னால் இவள் என் பிள்ளை ஆகிவிடுவாள். என் பிள்ளைகள் தங்குவதில்லை.

ராணியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாள் காலையில் மாட்டுக்கு வைத்திருந்த மூட்டையிலிருந்து தவிட்டை எடுத்துச் சலித்து மஞ்சப்பையில் கட்டினார். பிள்ளை தங்காத வீட்டில் அந்தக் காலத்தில் என்ன செய்வார்கள் என்று அப்போதுதான் சொன்னார். பிறந்த பிள்ளையை வேறு சனத்துக்காரி ஒருத்தியிடம் கொடுத்துவிட வேண்டும். அது அவள் பிள்ளை. பேர் வைப்பதும் அவள்தான். பிறகு அவளிடமிருந்து தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். தவிட்டுக்கு விற்ற பிள்ளையைச் சாவும் ஒரு பொருட்டாக நினைக்காது. வேறு சனத்துப் பேராக இருந்தால் அதற்கு அடையாளமும் தெரியாது. இந்தக் காலத்தில் போய் இதெல்லாமா என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். அயர்லாந்துவரை போனவன் வெள்ளிமலைவரை வருவதற்கு என்ன என்று ராணியம்மாள் கேட்டார்.

யாரிடம் கொடுப்பது என்பதையும் அவரே முடிவு செய்திருந்தார். கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கமிருந்து வருஷா வருஷம் புளி கொண்டுவரும் சின்னப்பொண்ணு. மலைச்சனம். மாசி மாதம் கீழே வந்தால் எங்கள் வீட்டில் ஒரு சொம்பு மோர் குடிக்காமல் போகமாட்டாள். பேச்சில் நீங்க நாங்க கிடையாது, பெரியவர் சின்னவர் எல்லோரும் அவளுக்கு நீதான்.

கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினோம். கச்சிராயபாளையம் தாண்டி, அணை தாண்டி, வளைவுகள் ஆரம்பித்தன. ஒவ்வொரு வளைவிலும் பஸ் சாய்ந்தபோது நான் பிள்ளையின் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வழியில் என் வீட்டுக்காரர் என் காதருகே சொன்னார். மேலே என்ன பேர் கொடுத்தாலும் அங்கேயே சொல்லிவிட்டு வந்துவிடலாம், சர்ட்டிபிகேட்டில் அயுமிதான், அக்காவிடம் இப்போது சொல்லாதே. சரி என்றேன்.

வெள்ளிமலையில் இறங்கி மண் சாலையில் வெகுதூரம் நடந்தோம். சின்னப்பொண்ணு வீட்டு வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களையும் பையையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். ராணியம்மாள் விஷயத்தைச் சொல்லச் சொல்ல முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள். சந்தோஷப்படவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. என் கண்ணை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பெற்றவள்தான் வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றாள்.

சொன்னேன். "இது என் புள்ள இல்ல. உன் புள்ள."

எத்தனையோ நாளாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்த மாதிரி இருந்தது. சொல்லும்போது குரல்கூட நடுங்கவில்லை. அது எனக்கே வெட்கமாக இருந்தது. சின்னப்பொண்ணு பிள்ளையை வாங்கி, ஒரு பழைய சேலையால் முதுகில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சாமையைப் புடைக்க ஆரம்பித்தாள். முறம் ஆடிய ஆட்டத்துக்குப் பிள்ளையும் ஆடியது. அழவில்லை.

என் கை இரண்டும் சும்மா இருந்தன. வீட்டுப் பக்கத்தில் ஒரு பலா மரம். அதன் அடியில் உட்கார்ந்தேன். கொஞ்சம் சாய்ந்துகொள்ளலாம் என்று தோன்றியது. அவ்வளவுதான் ஞாபகம் இருக்கிறது.

விழித்தபோது வெயில் மரத்துக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. கன்னத்தில் மண் ஒட்டியிருந்தது, வாயோரம் எச்சில். எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. கை தானாகப் பக்கத்தில் துழாவியது, தரைதான் தட்டுப்பட்டது. அந்த ஒரு நொடி என் உயிர் என்னிடம் இல்லை. அப்புறம் ஞாபகம் வந்தது: அவள் என் பிள்ளை இல்லை, விற்றுவிட்டேன். நெஞ்சு அடங்கிவிட்டது. இப்படி ஒரு தாய் இருப்பாளா என்று யாராவது கேட்கலாம். கேட்பவர்கள் முதலில் ஏழு மாதம் தூங்காமல் இருந்து பார்க்கட்டும்.

வாசலில் சத்தமாக இருந்தது. ராணியம்மாள் மஞ்சப்பையை நீட்டிக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரர் முகம் சிவந்திருந்தது. சின்னப்பொண்ணு மடியில் பிள்ளையை வைத்துச் சாமைக் கஞ்சியை விரலால் நக்கக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து "ராமாயி, ராமாயி" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். நான் தூங்கும்போதே பேர் வைத்தாகிவிட்டது. ராமாயி, சின்னப்பொண்ணுவுடைய அம்மா பேர். அவர்கள் வழக்கம் அப்படித்தானாம், தலைச்சன் பெண்ணுக்குப் பாட்டி பேர். குப்பம்மா, பிச்சையம்மா என்று ஏதாவது வேண்டாம் என்று கழிக்கிற பேராகக் கொடுப்பாள் என்று ராணியம்மாள் எதிர்பார்த்திருந்தார். இது யாரோ ஒருத்தியின் சொந்தப் பேராக இருந்ததில் அவரே கொஞ்சம் தடுமாறிப் போனார்.

தகராறு என்னவென்றால் சின்னப்பொண்ணு தவிட்டைத் தொடமாட்டேன் என்கிறாள். கீழே போய் இதே பேரைத்தான் கூப்பிடுவீர்களா, எழுதுகிற இடத்திலும் இதுதானா என்று கேட்டிருக்கிறாள். என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. வீட்டில் இது, பள்ளிக்கூடத்துக்கு வேறு என்று உளறிவிட்டார். இரண்டு பேர் இருந்தால் என்ன, எத்தனையோ பிள்ளைகளுக்கு இருக்கிறதே என்று சமாதானமும் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து அவள் அசையவில்லை.

இது முதல் தடவை இல்லையாம். சில வருஷங்களுக்கு முன்னால் கீழே இருந்து ஒரு குடும்பம் இதே மாதிரி வந்தது. ஆண் பிள்ளை. அவள் தன் அப்பன் பேரை வைத்துத் தவிட்டுக்குக் கொடுத்தாள். அப்புறம் கள்ளக்குறிச்சி சந்தையில் புளி விற்கும்போது அந்தப் பையன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போனான். ஓடிப்போய் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். பையன் திரும்பவில்லை. அவன் அம்மா அவனை இழுத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள். அவனுக்கு வேறு ஏதோ பேராம், யாரோ சொன்னார்களாம். சின்னப்பொண்ணு இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கஞ்சியைக் கிண்டிக்கொண்டே, தினம் நடக்கிற காரியம் மாதிரி சொன்னாள். எனக்குத்தான் கேட்கப் பொறுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் மறுபடியும் வாயைத் திறந்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சாவ ஏமாத்த வந்த, சரி. என்ன எதுக்கு ஏமாத்துற?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ராணியம்மாள் நீட்டிய பையைக் கீழே இறக்கினார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிள்ளையைக் கொடுத்தவள் நான்தானே.

நான் பிள்ளையைப் பார்த்தேன். வாயெல்லாம் கஞ்சி. வயிறு ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் நின்று அவள் மூச்சு விடுவதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. யாரும் கை வைத்துப் பார்க்காமலே மூச்சு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நிஜத்தைச் சொல்கிறேன், எனக்கு அவளை உடனே வாங்கிக்கொள்ள ஆசையாக இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கட்டும் என்று இருந்தது. வாங்கினால் பழைய பயமும் சேர்ந்து வந்துவிடும். இலக்கியா நான் வைத்த பேர், இளவரசன் எங்கள் வீட்டுப் பேர், அயுமி அவருடைய பேர். இந்த ராமாயி மட்டும்தான் எங்கள் யாருடையதும் இல்லை. வேறொருத்தி தன் அம்மாவை நினைத்து வைத்தது. அந்தப் பேரோடு அவளை வாங்கிப் போனால் நான் வளர்க்கிறவள்தான், பெற்றவள் இல்லை. வளர்க்கிறவள் ராத்திரியில் தூங்கலாம்.

"ராமாயிதாங்க," என்றேன் என் வீட்டுக்காரரிடம். "எழுதுறதும் அதேதான்."

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்றார் அவர். அவர் குரலில் சண்டை இல்லை, ஓய்ந்துபோயிருந்தார்.

"சிரிக்கட்டுங்க. அவங்க சிரிக்கிற வயசு வரைக்கும் இவ இருந்தா போதும்."

ரொம்ப நாள் கழித்து நான் சரி என்பதைத் தவிர வேறு ஒன்று பேசினேன். ராணியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சின்னப்பொண்ணு முறத்தை நீட்டினாள், நான் தவிட்டைக் கொட்டினேன். அவள் பிள்ளையின் நெற்றியில் ஒரு சிட்டிகைத் தவிட்டைப் பூசி என் கையில் கொடுத்தாள். "புளி விக்க வருவேன். கூப்புடுவேன். அவ திரும்பணும்," என்றாள். திரும்புவாள் என்றேன்.

கீழே வரும்போது பஸ்ஸில் பிள்ளையை அவரிடம் கொடுத்துவிட்டு நான் மறுபடியும் தூங்கினேன். அணைக்குப் பக்கத்தில் விழிப்பு வந்தது. அவர் அவளுடைய கைவிரலைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் இல்லாதபோது ஒரு தரம் அயுமி என்று கூப்பிட்டுக்கொள்ளட்டுமா என்று என்னிடம் கேட்டார். பாவமாக இருந்தது. மாசியில் அவள் அம்மா வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வாரமே பேரைப் பதிந்துவிட்டு வந்தார். எழுதிக்கொண்டவர் நிமிர்ந்து பார்த்து ராமாயியா என்று ஒரு தரம் கேட்டாராம். ஆமாம் என்று இவர் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாராம். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நான் மட்டும் பாப்பா என்றேதான் கூப்பிட்டேன். பேர் சொந்தக்காரியிடம் இருக்கட்டும், நமக்கு எதற்கு என்று இருந்தது. படுக்கும்போது பழைய பழக்கத்தில் கை அவள் மூக்கை நோக்கிப் போகும். மலைக்காரி பிள்ளை, அவள் பார்த்துக்கொள்வாள் என்று சொல்லிக்கொண்டு கையை இழுத்துக்கொள்வேன். தூக்கம் வந்துவிடும். பிள்ளையும் தூங்கினாள், கொழுகொழு என்று ஆனாள்.

மாசியில் சின்னப்பொண்ணு வந்தாள். நான் வாசலில் ராமாயிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். மாட்டுக் கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தாள். தெருவிலேயே புளிக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, உள்ளே வராமல், சின்னப்பொண்ணு கூப்பிட்டாள்.

"ராமாயி."

பிள்ளை திரும்பினாள். ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு சுவரை விட்டுவிட்டாள். விழப் போகிறாள் என்று நான் கையை நீட்டினேன். அவள் விழவில்லை. ஒரு அடி வைத்தாள், இன்னொரு அடி வைத்தாள், ஆடி ஆடி என்னைத் தாண்டிக்கொண்டு தெருப் பக்கம் போனாள். ஒரு தரம்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொட்டகைக்குள் இருந்த என் வீட்டுக்காரர் தவிட்டு வாளியோடு அப்படியே நின்றுவிட்டார்.

சின்னப்பொண்ணு அவளைத் தூக்கிக் கொஞ்சினாள். அவள் சின்னப்பொண்ணு கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. கையில் சோறு, வாயில் சொல்ல முடியாத ஆத்திரம். பால் கொடுத்தவள் நான், மலம் அள்ளுகிறவள் நான், முதல் நடை நடப்பது மட்டும் இவளிடமா. முகமெல்லாம் சூடாகிவிட்டது. அந்தச் சூட்டிலேயே இன்னொன்றும் தெரிந்தது. எனக்கு இப்போது இருப்பது பயம் இல்லை. தெருவில் பார்க்கிற எல்லா அம்மாக்களுக்கும் வருகிற சாதாரணப் பொறாமைதான்.

"ராமாயி, வாடி இங்க," என்றேன். அந்தப் பேரைச் சொல்லி அவளை நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

சின்னப்பொண்ணு என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, பிள்ளையை என் பக்கம் திருப்பித் தரையில் விட்டாள்.

"நீ குடுத்த தவிட்ட மாடு அப்பவே தின்னுடுச்சு," என்றாள். "இனி இவள நான் திருப்பிக் கேக்க முடியாது."

பிள்ளை என்னைப் பார்த்து நடந்து வந்தாள். நான் எச்சில் கையோடு அவளை வாரி எடுத்துக்கொண்டேன்.